பெயர் பின்னர் அறிவிக்கப்படும்

போகா மான்சா நண்டுகள் என்ற பேஸ்பால் அணிக்கு ஒரு கோல்ஃப்காரரை இயக்குநராகக் கொண்டுவந்து வைத்தபோது ஊரில் யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அந்த அணியின் ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்து ஊருக்கு அதுவும் வற்றிப் போயிருந்தது.

மரியாதைக்குத் தோன் என்று ஊர் கூப்பிடும் ஒக்தாவியோ லந்திகுவாவைச் சாதாரண கோல்ஃப்காரர் என்று சொல்லிவிட முடியாது. தீவின் மேற்குக் கடற்கரையில் இருக்கிற அத்தனை புல்வெளிகளிலும் காலமெல்லாம் தொழில்முறை ஆட்டம் ஆடி, ஒரு போட்டியில்கூட முதலிடம் வராமல், ஏறக்குறைய எல்லாவற்றிலும் இரண்டாமிடம் வந்தவர். கடைசிக் குழிக்கு முழ தூரத்தில் பந்து நிற்கும். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அவர் தட்டுவார். பந்து குழியின் விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, வீடு பிடிக்கவில்லை என்பதுபோல் அந்தப் பக்கம் போய்விடும். ஒரு வருடம் காற்று காரணம். ஒரு வருடம் குறுக்கே ஓடிய உடும்பு. ஒரு வருடம் அவருடைய சொந்த நிழலே காரணம் என்று எழுதிக்கொடுத்து முறையீடு செய்தார். அந்த முறையீட்டிலும் ஒரே ஒரு ஓட்டில் தோற்றார்.

பதவியேற்ற அன்று பத்திரிகைக்காரர்களிடம் அவர் சொன்னது இது:

"அன்பார்ந்த நண்பர்களே! வெற்றியைப் பற்றி வென்றவனுக்கு என்ன தெரியும்? கையில் கிடைத்ததும் அதைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறான். நானோ அதன் அருகிலேயே நின்று, அது இன்னொருவன் கைக்குப் போவதை ஒவ்வொரு முறையும் கண்ணாரக் கண்டவன். வெற்றியை என்னைப்போல் பார்த்தவன் இந்நாட்டில் எவன் இருக்கிறான்? இந்த அணியை நான் எங்கே கொண்டுபோய் நிறுத்தப்போகிறேன் என்பதைப் பொறுத்திருந்து பாருங்கள்."

எங்கே நிறுத்துவார் என்பதில் ஊருக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

அந்த அணியின் கேட்சர் துலியோ பெரால்தா. பந்து எறிகிறவனுக்கு எதிரே, மட்டைக்காரனின் முதுகுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கிற வேலை. பதினாறு வயதில் குந்த ஆரம்பித்தவன்; இப்போது முட்டி இரண்டும் மழை வருவதை வானொலிக்கு முன்பே சொல்லிவிடும். நல்ல ஆட்டக்காரன்தான். ஆனால் அவன் பெயரைக் கேட்டதும் எந்த இயக்குநருக்கும் "இவனைக் கொடுத்தால் என்ன கிடைக்கும்?" என்றுதான் தோன்றும். அப்படி ஒரு ராசி. ஒவ்வொரு ஆட்டப் பருவத்தின் நடுவிலும் அணிகள் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளும் காலம் வந்தால் துலியோ வீட்டில் பெட்டியைத் தூசி தட்டி வைப்பார்கள். ஒருமுறை இரண்டு ஓட்டக்காரர்களுக்காகக் கைமாறினான். ஒருமுறை ஒரு பஸ் என்ஜினுக்காக.

"அந்த பஸ் இன்னும் ஓடுதாம்," என்பாள் அவன் மனைவி மிலேதிஸ், அவன் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும்போதெல்லாம்.

அவனோடு நான்கு ஊர் மாறிய பிறகு, போகா மான்சாவில்தான் மிலேதிஸ் சொந்தமாக ஒரு சலூன் வைத்தாள். சுவருக்கு ரோஸ் பெயின்ட், வரிசையாக ஹேர் டிரையர், சனிக்கிழமையானால் தலை நிறைய ரோலர் சுற்றிக்கொண்டு தெருப் பெண்கள் எல்லாரும் அங்கே. திறந்த அன்றே புருஷனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"இந்தா பாரு துலியோ. இனிமே உன்னை எவன் எங்க அனுப்பினாலும் நான் வரமாட்டேன். போறதுன்னா நீ போ. மாசம் ஒரு தடவை வந்து முடி வெட்டிக்கிட்டுப் போ. மத்தவங்களுக்கு என்ன ரேட்டோ அதான் உனக்கும்."

"நான் எங்கடி போறேன்? இதான் என் கடைசி ஊரு."

"பஸ்காரன்கிட்டயும் இதத்தான் சொன்ன."

அந்த வருடம் நவம்பர் நடுவில், ஆள் மாற்றும் காலத்தின் கடைசி நாளன்று, தோன் ஒக்தாவியோ பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு அறிவித்தார். மலைக்கு அந்தப் பக்கமிருக்கும் லோமா ஆல்தா சேவல்கள் அணியிடமிருந்து புகழ்பெற்ற இடதுகைப் பந்துவீச்சாளர் கமாச்சோவை நண்டுகள் பெறுகிறார்கள். பதிலுக்கு ஓர் ஆட்டக்காரரைக் கொடுக்கிறார்கள்.

"யாரை?" என்று கேட்டார் ஒரு நிருபர்.

"அவர் பெயர் பின்னர் அறிவிக்கப்படும்."

பேஸ்பாலில் இது பழைய வழக்கம்தான். பொருளை இன்றைக்கு வாங்கிக்கொள்வது, விலையை அப்புறம் பேசிக்கொள்வது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சூரியன் மறைவதற்குள் இரண்டு இயக்குநர்களும் ஒத்துப்போய் ஒரு பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்பது லீக் விதி.

கமாச்சோ மறுநாளே வந்து இறங்கினார். இடது கை தோளிலிருந்து மணிக்கட்டு வரை மாவுக்கட்டில் இருந்தது. பத்திரிகைக்காரர்கள் தோன் ஒக்தாவியோவைப் பார்த்தார்கள். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"நாங்கள் கொடுப்பவரின் பெயர் பின்னர் அறிவிக்கப்படும். அவர்கள் கொடுத்தவரின் கை பின்னர் குணமாகும். இதைவிட நியாயமான பரிமாற்றம் உண்டா?"

தெருமுனைக் கடை வைத்திருக்கும் சிச்சோதான் விஷயத்தை முதலில் துலியோவிடம் கொண்டுவந்தான். கடை வாசலில் டோமினோ மேசை. வறுத்த சலாமி இறைச்சித் துண்டை வாயில் போட்டுக்கொண்டே சிச்சோ சொன்னான்: "மாப்ளே, ரேடியோவுல 'அனுபவம் வாய்ந்த, முட்டி தேய்ஞ்ச ஒருத்தர்'னு சொன்னான். பேரு சொல்லல."

"முட்டி தேய்ஞ்சவன் நான் ஒருத்தன்தானா?"

"டீம்ல மத்த எல்லாரும் நின்னுக்கிட்டுதான்டா ஆடுறானுங்க."

துலியோ கட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு நேரே மைதானத்துக்குப் போனான். இயக்குநர் அறையில் சுவரெல்லாம் வெள்ளிக் கோப்பைகள். ஒரு தங்கமும் கிடையாது. தோன் ஒக்தாவியோ கம்பளத்தின் மேல் ஒரு கண்ணாடி டம்ளரைச் சாய்த்து வைத்து, கோல்ஃப் பந்தை அதற்குள் தட்டிப் பழகிக்கொண்டிருந்தார். டம்ளரின் இரு பக்கமும் கம்பளம் தேய்ந்து போயிருந்தது. நடுவில் புத்தம் புதிதாக இருந்தது.

"ஐயா, அது நானா?"

"எது?"

"அந்தப் பேர் சொல்லாத ஆளு."

தோன் ஒக்தாவியோ கதவைச் சாத்தினார். "தம்பி, நல்லா யோசிச்சுப் பாரு. நீதான்னு நான் சொன்னா, பேரைச் சொன்னதா ஆயிடும். பேரைச் சொல்லிட்டா 'பின்னர்'ங்கிறது 'இப்ப'ன்னு ஆயிடும். ஒப்பந்தமே செல்லாது. நீ இல்லைன்னு சொன்னா, மத்தவங்க பேரை முக்கால்வாசி சொன்ன மாதிரி. அதுவும் தப்பு."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"வழக்கம்போல இரு. நீயா இருக்கலாங்கிற மாதிரியும் இரு, நீயா இல்லாம இருக்கலாங்கிற மாதிரியும் இரு. நான் வாழ்க்கை முழுக்க அப்படித்தான் இருந்தேன்."

வெளியே வந்தவனை எல்வின் மடக்கினான். இருபத்தோரு வயது, அணியின் நட்சத்திரம். அவன் மட்டையைத் தூக்கினாலே கூரை மேல் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். "அண்ணே, அது நானா இருந்தா நல்லா இருக்கும்ணே. என் ஆளு லோமா ஆல்தாவுலதான் இருக்கா. தினம் போன்லயே குடும்பம் நடத்துறேன்."

"போய்க் கேளேன்டா."

"கேட்டேண்ணே. ஆட்டக்காரன் இஷ்டத்தைக் கேட்க ஆரம்பிச்சா இந்தத் தொழில் எங்க போய் நிக்கும்னு கத்தினாரு."

அடுத்த வாரத்திலிருந்து துலியோவின் வாழ்க்கை ஒரு தினுசாக ஆனது. கேட்சருடைய வேலை பந்து பிடிப்பது மட்டுமில்லை. எந்தப் பந்தை எறிய வேண்டும் என்று தொடைகளுக்கு நடுவே விரலை மடக்கிச் சாடை காட்ட வேண்டும். சாடை என்பது அணியின் ரகசியம். நாளைக்கே சேவல்களோடு போய்ச் சேரக்கூடிய ஒருவனிடம் ரகசியத்தைச் சொல்லலாமா? கூடாது என்று நிர்வாகம் முடிவு செய்தது. சாடைகளையெல்லாம் மாற்றி, அணியிலிருந்த எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள், துலியோ ஒருவனைத் தவிர. ஆனால் சாடை காட்டுகிறவன் அவன்தான்.

ஆகவே துலியோ குந்தி உட்கார்ந்து, மனதுக்குத் தோன்றிய விரலை நீட்டுவான். அதற்கு என்ன அர்த்தம் என்பது அணியில் அவனைத் தவிர எல்லாருக்கும் தெரியும். வேகப்பந்து வருமா, வளைபந்து வருமா என்று அறியாமல் மார்பாலும் தோளாலும் ஒருமுறை மோவாயாலும் தடுத்தான். எதிரணி மட்டைக்காரர்கள் அவன் முகத்தைப் பார்த்து அடுத்த பந்தை ஊகிக்க முயன்று, அங்கே ஒன்றுமே எழுதியில்லாததைக் கண்டு குழம்பி அவுட்டானார்கள். அப்படி ஆடிய முதல் நாளே நண்டுகள் ஜெயித்தன. தன் வியூகத்தின் வெற்றி என்று தோன் ஒக்தாவியோ பேட்டி கொடுத்தார்.

அப்புறம் டாக்டர் வந்தார். கொடுக்கப்படும் ஆட்டக்காரரின் உடம்பைச் சோதிக்கச் சேவல்கள் அணி அனுப்பியவர்.

"பேரு?" என்றார் டாக்டர், பழக்கதோஷத்தில். உடனே வாயைப் பொத்திக்கொண்டார். "சொல்லாதீங்க, சொல்லாதீங்க. யாரோ ஒருத்தர்னு வெச்சுக்குவோம். அந்த யாரோ ஒருத்தருக்கு முட்டி வலிக்குதா?"

"எனக்கு வலிக்குது டாக்டர்."

"உங்களைக் கேக்கல. பொதுவாக் கேக்கறேன்."

"பொதுவாவும் வலிக்குது."

டாக்டர் அவன் முட்டியைத் தட்டி, காதைக் குடைந்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். குறிப்பிட்ட எவருக்கும் குறிப்பிட்ட எதுவும் இல்லை என்று தன் அணிக்குத் தெரிவித்தார். இரு தரப்பும் இந்த அறிக்கையை வரவேற்றன.

தெருவில் வேறு கூத்து. துலியோ போகப்போகிறான் என்று சிச்சோ தலைமையில் ஒரு வழியனுப்பு விழா நடத்தினார்கள். பெரிய பானையில் ஏழு வகை இறைச்சி போட்டுச் சாறு கொதித்தது. அக்கார்டியன் வாசித்தார்கள். மூன்று பேர் பேசினார்கள், இரண்டு பேர் அழுதார்கள். மறுநாள் காலையில் துலியோ ரொட்டி வாங்கப் போனபோது சிச்சோவின் முகம் சுருங்கியது.

"என்ன மாப்ளே, இன்னும் போகலையா?"

"பேர் சொல்லலையே."

"நீ பண்றது நல்லாயில்லடா. நாங்க அழுது முடிச்சிட்டோம். திரும்ப எங்க போய் அழறது?"

அதற்கும் அடுத்த வாரம் சேவல்கள் அணியே போகா மான்சாவுக்கு ஆட வந்தது. துலியோ எந்த அணியின் பெஞ்சில் உட்காருவது என்று பிரச்சினை கிளம்பியது. லீக் தலைவர் வக்கீல் அகீலெஸ் மொந்தாஸ் தலைநகரிலிருந்து நேரில் வந்தார். விதியில் ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தால்கூடத் தூக்கம் வராத மனிதர். இரண்டு பெஞ்சுகளுக்கும் நடுவே நாடா பிடித்து அளந்து, சரி நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவனை உட்காரவைத்தார். எந்தப் பக்கம் ஓட்டம் எடுத்தாலும் அவன் கைதட்டக் கூடாது. தட்டுவதென்றால் இரண்டு பக்கத்துக்கும் சமமாகத் தட்ட வேண்டும். வெயில் நேரே அந்த நாற்காலியில் விழுந்தது. ஆறாவது இன்னிங்ஸில் கூட்டத்திலிருந்து மிலேதிஸ் எழுந்து, ஹேர் டிரையர் சத்தத்தோடு போட்டியிட்டுப் பழகிய குரலில் கத்தினாள்.

"யோவ் துலியோ! எழுந்து வாய்யா வீட்டுக்கு! ரெண்டு பேரும் வேணாங்கிறவன் எனக்காவது வேணும்!"

ஸ்டேடியமே கைதட்டியது. துலியோ எழுந்திருக்கவில்லை. அந்த இரவு அவன் சலூன் நாற்காலியில் உட்கார்ந்து முட்டிக்கு ஐஸ் வைத்துக்கொண்டபோது, "ஏன் வரல?" என்று மட்டும் மிலேதிஸ் கேட்டாள்.

"எழுந்தா, ஆட்டத்தை விட்டுப் போயிட்டேன்னு எழுதிடுவாங்க மிலேதிஸ். அப்புறம் எங்கயும் ஆட முடியாது. எனக்கு வேற என்ன தெரியும்? குந்தத் தெரியும். பிடிக்கத் தெரியும்."

ஐஸ் பையை வாங்கிச் சரியான இடத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு நேரம் அவள் சத்தம் போடாமல் இருந்தது அவனைப் பயமுறுத்தியது.

மாதக் கடைசி ஞாயிறு வந்தது. அன்று இரண்டு இயக்குநர்களும் கடற்கரை கோல்ஃப் மைதானத்தில் சந்தித்தார்கள். பெரிய முடிவுகளைப் புல்லின்மேல் எடுப்பதுதான் முறை என்று தோன் ஒக்தாவியோ கருதினார். சேவல்கள் அணியின் இயக்குநர் எரிபெர்தோ பொலாங்கோ ஒருகாலத்தில் அவரோடு கோல்ஃப் ஆடி, அவரை இரண்டாமிடத்துக்கு அனுப்பியவர்களில் ஒருவர். நடுவராக வக்கீல் மொந்தாஸ். பெயர் சொல்லப்படாதவர்கள் பயிற்சியில் கலந்துகொள்ளக் கூடாது என்பதால், 'இலகுவான பணி' என்று சொல்லித் துலியோவை இயக்குநரின் கோல்ஃப் பை தூக்க அழைத்திருந்தார்கள்.

மாற்றிக்கொள்ளும் ஆசை ஒரு வியாதி என்பதைத் துலியோ அன்றுதான் கண்ணால் கண்டான். மூன்றாவது குழியில் இரண்டு பேரும் தொப்பியை மாற்றிக்கொண்டார்கள். ஐந்தாவது குழியில் ஒரு சான்ட்விச்சுக்கு இரண்டு பந்தும், பின்னர் அறிவிக்கப்படும் ஒரு பழமும். ஒன்பதாவது குழியில், வெயில் ஏறியபோது, பை தூக்குகிறவர்களையே மாற்றிக்கொண்டார்கள். துலியோ பொலாங்கோவிடம் போனான். அவரிடமிருந்த ஆளும் ஒரு குடையும் தோன் ஒக்தாவியோவிடம் வந்தார்கள். பஸ் என்ஜினிலிருந்து குடைக்கு இறங்கிவிட்டோமே என்று துலியோ நினைத்துக்கொண்டான். ஆனால் கூடவே ஓர் ஆளும் உண்டு என்று கொஞ்சம் ஆறுதல்.

பெயர் மட்டும் முடிவாகவில்லை. பொலாங்கோவுக்கு எல்வின் வேண்டும். தோன் ஒக்தாவியோ துலியோவைத்தான் கொடுப்பேன் என்றார். கடைசிக் குழியை அடையும்போது கடலுக்கு மேல் சூரியன் சிவந்துவிட்டது. துலியோவால் பொறுக்க முடியவில்லை. பையைக் கீழே வைத்தான்.

"ஐயா, ஒரு வார்த்தை. இவருக்கு எல்வின் வேணும். எல்வினுக்கு லோமா ஆல்தா போகணும். எனக்கு இங்கயே இருக்கணும். எல்லாருக்கும் இது பிடிச்சிருக்கே. அப்படியே முடிச்சிடலாமே?"

தோன் ஒக்தாவியோ அவனைப் பரிதாபத்தோடு பார்த்தார். "எல்லாருக்கும் பிடிச்சிருந்தா அதுக்குப் பேரு பரிமாற்றம் இல்ல தம்பி, கல்யாணம். பரிமாற்றம்னா ஒருத்தனுக்காவது வயிறு எரியணும். அப்பத்தான் நாம ஏதோ சாதிச்சோம்னு தெரியும்."

பொலாங்கோ சிரித்தார். "சரி ஒக்தாவியோ, உன் பந்து குழிக்கு ஒரு முழத்துல நிக்குது. உள்ள தள்ளிட்டா துலியோவை எடுத்துக்கறேன். தள்ளலைன்னா எல்வின். என்ன சொல்ற?"

ஒரு முழம்! சின்னக் குழந்தை காலால் தள்ளினால் விழுகிற தூரம். தோன் ஒக்தாவியோ ஒப்புக்கொண்டார். பிறகு குனிந்து பார்த்தார். படுத்துப் பார்த்தார். புல்லில் ஒன்றைப் பிடுங்கிக் காற்றில் விட்டார். குழிக்கு அந்தப் பக்கம் போய், குழியின் கோணத்திலிருந்து தன்னைப் பார்த்தார். துலியோ கொடிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். பந்து விழுந்தால் அவன் வீடு போச்சு. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பந்து பிடிபடக் கூடாது என்று மாதாவை வேண்டிக்கொண்டான்.

தோன் ஒக்தாவியோ தட்டினார். பந்து உருண்டது. குழியின் விளிம்புக்கு வந்தது. பாதி உள்ளே எட்டிப் பார்த்தபடி நின்றுவிட்டது.

கடல் மட்டும் பேசியது.

"விழல. எல்வின் என்னுது," என்றார் பொலாங்கோ.

"இன்னும் விழல," என்று திருத்தினார் தோன் ஒக்தாவியோ. "விழுந்துக்கிட்டு இருக்கு. பொறுமை வேணும்."

வக்கீல் மொந்தாஸ் மண்டியிட்டுப் பந்தைச் சோதித்தார். "கோல்ஃப் விதிப்படி பத்து நொடி காத்திருக்கலாம். ஆனால் இது கோல்ஃப் அல்ல, பேஸ்பால் ஒப்பந்தம். பேஸ்பால் விதியில் பந்து நின்ற பிறகு விழுவதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆகவே காலவரம்பும் இல்லை."

காத்திருந்தார்கள். தோன் ஒக்தாவியோ மட்டையை ஓங்கிய கையை இறக்கவில்லை. இறக்கினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயம். பொலாங்கோ புல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். ஒரு காலால் தரையை ஓங்கி மிதித்தால் பந்து விழுந்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் மற்றவர் காலையே கவனித்துக்கொண்டிருந்தார்கள். துலியோ தும்மல் வந்ததை மூக்கைப் பிடித்து அடக்கினான். கண்ணில் நீர் வந்தது.

சூரியன் கடலுக்குள் இறங்கிவிட்டது.

வக்கீல் மொந்தாஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அடிவானத்தைப் பார்த்தார், இரண்டும் ஒத்துப்போவதில் திருப்தி அடைந்தார். "காலக்கெடு முடிந்தது. பெயர் சொல்லப்படவில்லை."

"அப்ப ஒப்பந்தம் ரத்தா?" என்று கேட்டான் துலியோ, ஆவலோடு.

"ரத்தாகாது. கமாச்சோ வந்தாயிற்று. ஓர் ஆட்டக்காரர் போயே ஆக வேண்டும். பெயர் சொல்லப்படாத பட்சத்தில், கெடு முடியும் நொடியில் கொடுக்கும் அணியின் தரப்பில் யார் ஆடிக்கொண்டிருக்கிறாரோ அவரே போவார் என்பது விதி." அவர் சுற்றிலும் பார்த்தார். "நண்டுகள் தரப்பில் இப்போது ஆடிக்கொண்டிருப்பவர் யார்?"

எல்லார் கண்களும் ஓங்கிய மட்டையோடு நின்ற தோன் ஒக்தாவியோ மேல் போய் நின்றன.

"நான் இயக்குநர்!" என்றார் அவர்.

"ஆடிக்கொண்டிருந்தீர்களா இல்லையா?"

"கோல்ஃப்தானே ஆடினேன்!"

"ஆட்டக்காரர் என்றால் ஆடுகிறவர் என்றுதான் விதி சொல்கிறது. என்ன ஆட்டம் என்று சொல்லவில்லை. அதைத் திருத்தச் சொல்லி முறையிடலாம்."

முறையிட்டார். ஒரே ஓட்டில் தோற்றார்.

துலியோ வீடு போய்ச் சேர்ந்தபோது மிலேதிஸ் சலூன் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னான். விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார முட்டி இடம் கொடுக்கவில்லை. ஆகவே பழகியபடியே அவள் எதிரே குந்திக்கொண்டான்.

போகா மான்சாவில் இயக்குநர் நாற்காலி காலியாகக் கிடந்தது. புதியவரைத் தேடி நிர்வாகம் கூடிக் கூடிக் கலைந்துகொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் துலியோவுக்குச் சாடைகளைச் சொல்லிக்கொடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. அணி தொடர்ந்து ஜெயித்தது. எல்வினும் போகவில்லை. அவன் ஆள் மலையேறி இங்கே வந்துவிட்டாள். இரண்டு பேரைச் சேர்த்துவைக்க ஓர் ஒப்பந்தமும் தேவைப்படவில்லை என்பது லீக் அலுவலகத்தில் சிறு கவலையை உண்டாக்கியது.

பரிமாற்றத்தில் போனவர் ஒருமுறையாவது களம் இறங்க வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. பருவத்தின் கடைசி ஆட்டம் லோமா ஆல்தாவில், சேவல்களுக்கும் நண்டுகளுக்கும். ஒன்பதாவது இன்னிங்ஸில், ஆட்டம் கைவிட்டுப் போனது நிச்சயமான பிறகு, பொலாங்கோ பெஞ்சின் கோடியைக் கைகாட்டினார். சிவப்புச் சீருடையில் தோன் ஒக்தாவியோ லந்திகுவா எழுந்தார். மேளமும் ஊதுகுழலும் கிளம்பின.

மட்டைக்காரன் நிற்கும் தட்டுக்கு அருகே வந்து மட்டையைக் கீழ்நோக்கிப் பிடித்தார். தரையின் சரிவைக் குனிந்து பார்த்தார். ஒரு புல்லைப் பிடுங்கிக் காற்றில் விட்டார். பின்னால் துலியோ குந்தியிருந்தான்.

"நல்லா இருக்கியா தம்பி?"

"இருக்கேங்கய்யா. நீங்க?"

"ஊரு நல்ல ஊரு. பேசிக்க ஆள்தான் இல்ல. வீட்டுக்காரி வரமாட்டேன்னுட்டா."

துலியோ விரலை மடக்கி, நேர்பந்து ஒன்றை மெதுவாக எறியும்படி சாடை காட்டினான். எறிகிறவன் நம்பாமல், மாட்டேன் என்று தலையாட்டினான். துலியோ மறுபடியும் அதையே காட்டினான். பந்து வந்தது, போனது. தோன் ஒக்தாவியோ இன்னும் காற்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பந்துக்கு அவர் மட்டையை வீசினார். உடம்பெல்லாம் சுழன்றது, தொப்பி பறந்தது, புழுதி எழுந்தது. அந்த நேரத்தில் பந்து துலியோவின் கையுறைக்குள் வந்து, உட்கார்ந்து, கொஞ்சம் ஓய்வும் எடுத்திருந்தது.

"அவுட்!" என்றார் நடுவர்.

தோன் ஒக்தாவியோ மூச்சு வாங்கத் திரும்பினார். முகத்தில் புழுதி. கண்ணில் ஒரு தவிப்பு. "தம்பி, உண்மையைச் சொல்லு. எவ்வளவு கிட்ட?"

துலியோ கையுறைக்குள் இருந்த பந்தைப் பார்த்தான். அவரைப் பார்த்தான்.

"நூலிழைங்கய்யா," என்றான்.

அந்த முகம் மலர்ந்ததைப் போல் ஒரு முகம் மலர்ந்து அவன் பார்த்ததில்லை. தோன் ஒக்தாவியோ தொப்பியை எடுத்துத் தட்டி, நாலு திசையிலும் கூட்டத்துக்கு ஆட்டிக் காட்டினார். ஓடிவந்த பத்திரிகைக்காரர்களை அவரே கையமர்த்தினார்.

"அன்பார்ந்த நண்பர்களே! பேஸ்பாலில் இது எனக்கு முதல் முயற்சி. பந்துக்கும் எனக்கும் நடந்த கடும் போட்டியில், நான் இரண்டாமிடம்."